இருநூறு லிட்டர் டேங்கில் இரண்டு லிட்டர் தண்ணீர்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் சென்னை அபிராமபுரத்தில் கரண்ட் இல்லை. எங்கள் குடியிருப்பு ஜெனரேட்டர் கால் மணி நேரம் ஓடித் திணறி, வெள்ளைப் புகை கக்கி நின்றது. தெருவில் நின்ற தண்ணீர் அதன் டீசல் டேங்க் வரை ஏறவே இல்லை. மெக்கானிக் அடித்திருகைத் திறந்து பாட்டிலில் பிடித்தார்: கீழே கலங்கல் தண்ணீர், மேலே மஞ்சள் டீசல், நடுவே கறுப்பாக வழவழவென்று ஒரு படலம். டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்த அடையாளம் அது. ஒரே நாளில் வளராது. தண்ணீர் பழசு.

அளந்தோம், 2 லிட்டர். பி.எஸ்.-6 டீசலில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் தண்ணீர்தான் இருக்கலாம். டேங்க் நிறைய 200 லிட்டர் டீசல் இருந்தாலும் சுமார் 166 கிலோ; அதற்கு 33 மில்லி, அரை டம்ளர்கூட இல்லை. எங்களிடம் இருந்தது அதைப்போல் 60 மடங்கு.

"டேங்க் வியர்த்திருக்கும் சார்" என்றார்கள். கணக்குப் போட்டேன். டேங்க் பாதி காலி, அதாவது 100 லிட்டர் காற்று. இரவில் 5 டிகிரி குளிர்ந்தால் உள்ளே வரும் புதுக் காற்று 1.7 லிட்டர். நம் ஊர் ஈரக்காற்றில் கன மீட்டருக்கு 30 கிராம் நீராவி என்று தாராளமாக வைத்தாலும் ஒரு இரவுக்கு 0.05 கிராம், வருடத்துக்கு 18 கிராம். 2 லிட்டர் சேர நூறு வருடத்துக்கு மேல் ஆகும். மூடியைக் கழற்றிப் பார்த்தோம். வாஷர் வெடித்திருந்தது. மழை அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

எஞ்சினுக்கு டீசலைப் பீய்ச்சும் பம்ப்பில் பிளஞ்சருக்கும் அதைச் சுற்றியுள்ள பேரலுக்கும் உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். தலைமுடி சுமார் 70. அந்த இடுக்கில் எண்ணெய் தனியாகக் கிடையாது, டீசலேதான் வழுக்கல். தண்ணீர் நுழைந்தால் உலோகத்தில் உலோகம் உரசும், நின்ற இடத்தில் துரு பிடிக்கும். எங்கள் பிளஞ்சரில் விரல்நகம் அளவுக்குச் செம்மண் நிறக் கறை. சூடான நாசில் முனையில் தண்ணீர் ஆவியானால் முனையே தெறித்துப் போகலாம்.

செலவு: பம்ப், நாசில் வேலை 14,500 ரூபாய், கொட்டிய டீசல் 20 லிட்டர், லிட்டர் 92 ரூபாய்க் கணக்கில் 1,840, ஃபில்டர் 650. மொத்தம் 16,990. புது வாஷர் 40 ரூபாய்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் நியாயமாகவே கேட்டார்: டீசலில் தண்ணீர் கலந்தே ஓட்டுகிறார்களே? உண்மை. பிரான்ஸில் எல்ஃப் நிறுவனத்தின் 'அக்வாசோல்' சுமார் 13 சதவீதம் தண்ணீரோடு பேருந்துகளில் ஓடியது. இங்கே கிண்டி ஐஐடியில் கே.ஏ. சுப்பிரமணியனும் ஏ. ரமேஷும் 2001-இல் அப்படிப்பட்ட குழம்பை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். நைட்ரஜன் ஆக்சைடும் கரும்புகையும் குறையும். ஆனால் அங்கே பால்மமாக்கி சேர்த்து, தண்ணீரைச் சில மைக்ரான் துளிகளாக உடைத்து, ஒவ்வொரு துளியையும் டீசலால் போர்த்திவிடுகிறார்கள். எங்கள் தண்ணீர் அடியில் தனியாகக் கிடந்து, ஒரே மடக்காகப் பம்ப்புக்குள் போனது. அந்தக் குழம்பும்கூட நாள்பட நின்றால் பிரியும். மாதக்கணக்கில் சும்மா நிற்கும் ஜெனரேட்டருக்கு அது ஆகாது.

இப்போது மாதம் ஒருமுறை அடித்திருகைத் திறந்து அரை லிட்டர் பிடித்துப் பார்க்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை.