அழுத்தம் குறைந்தால் மட்டும் போதுமா?

கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து விடுவது கண் அழுத்தத்தைக் குறைக்கத்தான். ஆனால் 2011-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு மருத்துவர்களை யோசிக்க வைத்தது. கண் அழுத்தம் இயல்பாக இருந்தும் பார்வை நரம்பு கெட்டுவந்தவர்களில் சிலருக்கு டிமோலால், மற்றவர்களுக்கு பிரிமோனிடின் எனச் சொட்டு மருந்து தரப்பட்டது. இரண்டும் அழுத்தத்தைக் குறைத்தது கிட்டத்தட்ட ஒரே அளவுதான். பார்வைப் பரப்பு மேலும் பாழானதோ முன்னவர்களில் 39 சதவீதம் பேருக்கு, பின்னவர்களில் வெறும் 9!

ஏன்? விழித்திரை நரம்பணுக்களின் இழைகள் கண்ணின் பின்புறம் சல்லடை போன்ற திசு வழியே மூளைக்குப் போகின்றன. அங்கே இழைகள் நெருக்கப்பட்டால், மூளையிலிருந்து வரவேண்டிய ஊட்டப் புரதம் தடைபட்டு நரம்பணு மடிகிறது. பிரிமோனிடின் விழித்திரையின் ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டுகிறது; எலிகளில் அந்தப் புரதம் நரம்பணுவிலேயே கூடியது. மனிதரிடம் இன்னும் உறுதியாகவில்லை. மேலும், அந்த ஆய்வின் பிரிமோனிடின் பிரிவில் ஒவ்வாமையால் பாதியிலேயே விலகியவர்கள் அதிகம். அதனால் அந்த 9 சதவீதத்தை அப்படியே நம்பிவிடவும் முடியாது.