கத்தி எடுக்காத எலும்பு டாக்டர்!

நடக்கப் பழகுற குட்டிப் பையனுக்குக் கால் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. 'ஆபரேஷன் பண்ணணுமா டாக்டர்?'னு அம்மா கண் கலங்குறாங்க. நீங்கதான் அந்த டாக்டர்னா என்ன சொல்வீங்க?

'ரெண்டு வயசு வரைக்கும் இது சகஜம்மா, தானா நிமிர்ந்துடும்!' பெரும்பாலும் இதுதான் சரியான பதில். ஆனா, அது ரிக்கெட்ஸா இருந்தா? வித்தியாசம் கண்டுபிடிக்கப் பயிற்சி வேணும் பாஸ்!

அமெரிக்காவில் இதுக்குன்னே ஒரு ரூட் இருக்கு. மருத்துவப் படிப்பு, குழந்தை மருத்துவத்தில் 3 வருஷ ரெசிடென்சி. அதுக்கு மேல, சில மருத்துவமனைகளில் 1 வருஷ ஃபெலோஷிப். பேரு, 'நான்-ஆபரேட்டிவ் பீடியாட்ரிக் ஆர்த்தோபீடிக்ஸ்'. சர்ஜன் ஆகப்போறதில்லை. ஆனா, சர்ஜன்கள் பக்கத்திலேயே நின்னு மாவுக்கட்டு போட, எக்ஸ்ரே படிக்கக் கத்துக்கலாம்.

எக்ஸ்ரேன்னா சும்மாவா? குழந்தையோட எலும்பு நுனியில் இருக்கிற வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பு. அது படத்தில் வெறும் இடைவெளியாத்தான் தெரியும். பழகாத கண்ணுக்கு முறிவுன்னே தோணும். நிஜ முறிவு அதுக்குள்ளேயே ஒளிஞ்சும் இருக்கும்!

இதைவிட முக்கியம், விரல் நுனி. பிறந்த குழந்தையோட முழங்காலை மடக்கி, தொடையை மெதுவா விரிக்கிறாங்க. நழுவின இடுப்பு மூட்டு 'டொக்'னு உள்ளே இறங்குறது கையில் தெரியணும். செக் டாக்டர் அர்னால்ட் பாவ்லிக் 1940-களில் வடிவமைச்ச துணிப்பட்டையை, சில வாரம் மாட்டினா பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகிடும். ஆனா, 6 மாசத்துக்குள்ள மாட்டணும். அந்த 'டொக்'கைக் கோட்டை விட்டா, நடக்க ஆரம்பிக்கும்போதுதான் நொண்டுறது தெரியும். அப்போ ஆபரேஷன் தியேட்டர்தான்.