அரச ஒப்பந்தமும் அறமும்

கரவனெல்ல ஆதார வைத்தியசாலையிலே மருந்தை நம்பிப் படுத்திருக்குந் தோட்டத் தொழிலாளி, அம்மருந்துக்குரிய கேள்விப்பத்திரத்தை ஒருநாளுங் கண்டவரல்லர். அவர் சார்பில் அதனைக் கண்காணிப்பது சட்டமேயாகும்.

அரசுடன் ஒப்பந்தஞ் செய்யுங் கம்பனி பெறுவது பொதுமக்கள் பணம். ஆதலின் அதன் பொறுப்பும் பெரிது. உள்நாட்டுப் போரின்போது படைக்குப் பழுதான பொருள் விற்றோரை அடக்கவே, அமெரிக்கா 1863இல் பொய்க்கோரிக்கைச் சட்டத்தை இயற்றிற்று. இன்று அச்சட்டப்படி வஞ்சித்தோர் நட்டத்தின் மும்மடங்கைச் செலுத்தல் வேண்டும். நம் நாட்டிலோ, கேள்விப்பத்திரத்தை மீளப்பெறுமாறு போட்டியாளருக்குக் கைக்கூலி கொடுத்தலையும் வாங்கலையும் 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் குற்றமாக்கிற்று. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

அவ்வாண்டிலேயே, அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபுலின் மருந்து தரமற்றதெனத் தெரிந்து விசாரணை எழுந்தது. வழங்கிய கம்பனியின் உரிமையாளரும், சுகாதார அமைச்சின் அதிகாரிகளும், 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரும் கைதாயினர். குற்றந் துணிதல் நீதிமன்றத்தின் கடன். படிப்பினை பெறுதல் நம் கடன்.

கந்தோரிலுங் கம்பனியிலும் பணிபுரியும் நம் பழைய மாணவர், ஒப்பமிடுமுன் தரச் சான்றிதழின் மெய்ம்மையைத் தாமே சோதித்தல் வேண்டும். அவ்வொப்பத்தை நம்பியே நோயாளி ஊசிக்குக் கை நீட்டுகின்றார்.