துருவத்தின் சூட்டை அளக்கும் ஷூ பெட்டி

ஜனவரி மாசம் விடியற்காலையில ஊட்டிக்கு பைக்ல போனவங்க பார்த்திருப்பீங்க: புல்வெளி முழுக்க வெள்ளையா உறைபனி. மேகம் இல்லாத ராத்திரியில்தான் இது நல்லா விழும். தரை தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்பிக்கிட்டே இருக்கு. மேகமும் நீராவியும் இருந்தால் அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். இல்லைன்னா சூடு தப்பிச்சுடும், தரை குளிர்ந்துடும்.

பூமியின் இரண்டு துருவங்களிலும் இதுதான் பெரிய அளவில் நடக்குது. நம்ம பக்கம் வெயில் கொட்டும் வெப்பத்தில் ஒரு பகுதியைக் காற்றும் கடல் நீரோட்டமும் துருவங்களுக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து அது விண்வெளிக்கு வெளியேறும். பைக் என்ஜினுக்கு ரேடியேட்டர் மாதிரி, பூமிக்குத் துருவங்கள்.

சிக்கல் எங்கேன்னா, பொருள் குளிர்ச்சியாக இருக்க இருக்க அது வெளியிடும் கதிரின் அலைநீளம் கூடும். ஆர்க்டிக் வெளியிடும் வெப்பத்தில் சுமார் 60 சதவீதம் 15 மைக்ரானுக்கு மேல், அதாவது ஃபார் இன்ஃப்ராரெட் பகுதியில் போகிறது. அந்தப் பகுதியை முன்பெல்லாம் யாரும் விண்வெளியிலிருந்து முறையாக அளந்ததில்லை. பனிக்கட்டி, புதுப்பனி, திறந்த கடல் நீர் ஒவ்வொன்றும் அங்கே எவ்வளவு வெப்பம் விடும் என்பதை காலநிலை மாடல்கள் பெரும்பாலும் அனுமானமாகத்தான் எடுத்துக்கொண்டன. பனி எவ்வளவு வேகமா உருகும், கடல் மட்டம் எவ்வளவு ஏறும் என்ற கணக்கு இதையும் நம்பியிருக்கு. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் அந்தக் கணக்கு முக்கியம்.

இதை அளக்கத்தான் நாசாவின் ப்ரீஃபயர் திட்டம். ஷூ பெட்டி சைஸ்ல இரண்டு கியூப்சாட். நியூசிலாந்தின் மாஹியாவிலிருந்து எலக்ட்ரான் ராக்கெட்டில் ஒன்று 2024 மே 25-லும், இன்னொன்று ஜூன் 5-லும் கிளம்பின. ஒரே இடத்தை இரண்டும் சில மணி நேர இடைவெளியில் கடப்பதால், அதற்குள் நடந்த மாற்றமும் தெரியும்.

இவ்வளவு சின்னதா எப்படிச் செய்தாங்க? ஃபார் இன்ஃப்ராரெட் சென்சார்களைப் பொதுவாகக் கடும் குளிரில் வைக்கணும். அதுக்கு கூலர், கூலருக்கு பவர், பவருக்குப் பெரிய சோலார் பேனல். ப்ரீஃபயரில் இருப்பது தெர்மோபைல், குளிரூட்டவே வேண்டாம். கதிர் பட்டு ஒரு முனை சூடாகும், இரண்டு முனைகளுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் மின்னழுத்தமா வரும். கொரோனா நேரத்துல கேட்ல நிறுத்தி நெற்றியில காட்டினாங்களே, அந்த தெர்மாமீட்டரிலும் இதே தத்துவம்தான்.

கோயம்புத்தூருக்கும் சின்ன சாட்டிலைட் புதுசு இல்லை. 2021 பிப்ரவரி 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி.-சி51 ராக்கெட்டில் நம்ம ஊர் ஸ்ரீ சக்தி பொறியியல் கல்லூரியின் ஸ்ரீ சக்தி சாட்டும் போச்சு. பெட்டியை மேலே அனுப்ப நமக்கும் வழி இருக்கு. அடுத்த ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு உட்காரும்போது, எந்த போர்டு வாங்கலாம்னு பேசுறதுக்கு முன்னாடி, இதுவரை யாரும் அளக்காதது எதுன்னு ஒரு நாள் உட்கார்ந்து தேடுங்க. ப்ரீஃபயரும் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.