ஏரிக்கரை மேட்டில் ஓர் இருட்டறை

கென்யா நாட்டின் வடபகுதி பெரும்பாலும் வறண்ட நிலம். கரும்பாறையும் முட்செடியும் உப்புப் பூத்த வெளியுமாக நெடுந்தொலைவு கிடக்கிறது. அதன் நடுவே கடலில் தீவைப் போல் தனித்து நிற்கிறது மார்சபிட் என்னும் மலை. அணைந்துபோன பழைய எரிமலை அது. உச்சி ஏறத்தாழ 1,700 மீட்டர். கீழே ஒட்டகம் மேயும் பாலை. மேலே பாசி தொங்கும் அடர்ந்த காடு. காட்டினுள்ளே வட்டவட்டமாய் எரிமலை வாய்கள். அவற்றுள் ஒன்றில் மழைநீர் தங்கி ஏரியாகியிருக்கிறது. பாரடைஸ் ஏரி என்று வெளிநாட்டார் அதற்குப் பெயரிட்டனர்.

அந்த ஏரிக்கு மேலே, சரிவில், 1924 முதல் 1927 வரை ஓர் அமெரிக்கத் தம்பதியர் வீடு கட்டி வாழ்ந்தனர். மார்ட்டின் ஜான்சன், ஓசா ஜான்சன் என்ற அவ்விருவரும் காட்டு விலங்குகளைத் திரைப்படம் எடுத்த முன்னோடிகள். மரமும் மண்ணும் புல்லும் கொண்டு எழுந்த அவ்வீடுகளில் இன்று எஞ்சியிருப்பவை சில எச்சங்களே. அவற்றையும் காடு மூடிக்கொண்டிருக்கிறது. நான் அங்கே போனதில்லை. ஆயினும் அந்த இடத்தைப் பற்றிப் படித்த நாள்முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நைரோபியிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சாலையற்ற பாலையைத் தாண்டி, ஒருவர் ஏன் வீடு கட்ட வேண்டும்?

கிறுக்கு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். மார்ட்டினுக்கு அது பொருந்தாமலும் இல்லை. அவர் கான்சஸ் மாநிலத்து நகைக்கடைக்காரர் ஒருவரின் மகன். எழுத்தாளர் ஜாக் லண்டன் சிறு கப்பலில் உலகம் சுற்றப் போகிறார் என்று கேள்விப்பட்டு, தம்மையும் சேர்த்துக்கொள்ளும்படி கடிதம் எழுதினார். சமைக்கத் தெரியுமா என்று தந்தி வந்தது. தெரியாது, ஆனால் தைரியமாகப் பதில் அடித்து இடம் பிடித்துவிட்டார்! சமையல் கற்றது அதற்குப் பிறகுதான். கப்பல் 1907-இல் புறப்பட்டது. ஓசாவை மணந்தது 1910-இல். மணமகளுக்கு அப்போது வயது பதினாறு. பின்னர் இருவருமாகத் தென்கடல் தீவுகளுக்கும் போர்னியோவுக்கும் சென்று படம் எடுத்தனர். 1921-இல் கென்யாவுக்கு வந்தபோது இந்த ஏரியைக் கண்டனர். மீண்டும் வந்து ஆண்டுக்கணக்கில் தங்குவது என்று தீர்மானித்தனர். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் துணைநின்றது. கோடாக் நிறுவனத்தை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் பணம் கொடுத்தார்.

ஆனால் மார்ட்டினைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. அவருடைய தந்தையார் கடையில் கோடாக் பொருள்களும் விற்றன. பையன் படம் கழுவக் கற்றது அங்கேதான். வீட்டை அம்மலையில் கட்டச் சொன்னது இந்தக் கழுவும் வேலை என்பது என் எண்ணம். விளக்குகிறேன்.

படச்சுருளின் மேல் ஜெலாட்டின் பூசப்பட்டிருக்கிறது. அதனுள் வெள்ளி புரோமைடு நுண்படிகங்கள். ஒளி பட்ட படிகத்தில் ஒருசில வெள்ளி அணுக்கள் மட்டும் பிரிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றத்தை மறை உருவம் எனலாம். டெவலப்பர் என்னும் கரைசலில் முக்கினால் ஒளி பட்ட படிகம் முழுதும் கரிய வெள்ளியாகிவிடும். ஒளி படாத படிகங்களை ஹைப்போ கரைத்து நீக்கும். பிறகு நல்ல நீரில் நெடுநேரம் அலச வேண்டும்.

மறை உருவம் வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுநாள் தாங்காது. மெல்ல மங்கும், ஒளி படாத படிகங்களிலும் மூட்டம் படரும். சுருளை அப்படியே அமெரிக்காவுக்கு அனுப்பினால் போய்ச் சேரவே வாரக்கணக்காகும். கருவியில் ஒரு சிறு துளை வழியே ஒளி கசிந்திருந்தால், அந்தச் செய்தி திரும்பி வருவதற்குள் யானைக் கூட்டம் எங்கோ போயிருக்கும். ஆகவே எடுத்த இடத்திற்கு அருகிலேயே கழுவியாக வேண்டும்.

எங்கே கழுவுவது? கரைசல் பதினெட்டு, இருபது டிகிரியில் இருப்பது நல்லது. வெப்பம் மிகுந்தால் ஜெலாட்டின் ஊதி இளகும். இன்னும் மிகுந்தால் படம் பாலாடைபோல் சுருளை விட்டு நழுவிவிடும். எக்ஸ்-கதிர்ப் படம் கழுவிய நண்பர்களுக்குக் கோடைக்காலத் துன்பம் தெரிந்திருக்கும். மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும். இந்துமாக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மார்சபிட்டில் மோதி மேலெழுந்து குளிர்ந்து பனிமூட்டமாகிறது. பாலை நடுவே காடு வளர்வதும் ஏரி நிற்பதும் அதனால்தான். குளிர்ச்சியும் நீரும் விலங்கும் ஒருங்கே கிடைக்கும் இடம் அவ்வட்டாரத்தில் அது ஒன்றே. மார்ட்டின் அங்கே தக்க இருட்டறையைக் கட்டிக்கொண்டார். அதைச் சுற்றித்தான் வீடு.

நீர்க்கணக்கு எளிதன்று. ஓர் அடிச் சுருளில் பதினாறு படங்கள். ஊமைப்பட வேகத்தில் அது ஒரு நொடிக்குத்தான் காணும். ஆயிரம் அடி கழுவினால் கால்மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட காட்சி! ஒவ்வோர் அடியிலும் ஹைப்போ எஞ்சாமல் அலச வேண்டும். எஞ்சினால் படம் நாளடைவில் மஞ்சளித்து அழியும். யானை இறங்கிக் கலக்கும் ஏரி நீரை அப்படியே ஊற்ற முடியாது. ஒரு மணல்துகள் போதும், சுருள் நெடுகக் கீறல் விழும். வடிகட்ட வேண்டும். அதற்கு முன்னால், அந்த நீரை யாராவது மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்த ‘யாராவது’ என்பவர்களிடம்தான் எனக்கு மனம் நிற்கிறது. காரிலும் மாட்டு வண்டியிலும் ஒட்டகத்திலும் ஏற்றியது போக மிஞ்சியதை ஆப்பிரிக்கச் சுமையாட்கள் தலையில் கொண்டுவந்தனர். மரம் வெட்டியதும் மண் பிசைந்ததும் நீர் சுமந்ததும் அவர்களே. விலங்கின் தடம் பார்த்துச் சொன்ன போக்குலி என்பவரின் பெயர் ஜான்சன்களின் நூல்களில் வருகிறது. மற்றப் பலரின் பெயர் வரவில்லை. ஏரியோ ‘கண்டுபிடிக்கப்பட்ட’ இடமாகப் பேசப்பட்டது. டொனால்ட்சன் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1895-லேயே மார்சபிட் வழியாகப் போயிருக்கிறார். போரன், கப்ரா, ரெண்டிலே மக்களோ தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத்தில் கால்நடை மேய்ப்பவர்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நீர்நிலையை எங்கிருந்தோ வந்து கண்டுபிடிப்பது விந்தையல்லவா?

அங்கிருந்து பிறந்த படம் 1928-இல் வெளியான ‘சிம்பா’. சுவாகிலி மொழியில் சிம்பா என்றால் சிங்கம். (உடனே நம் சிங்கத்தோடு வேர் தேடப் புறப்படும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க!) யானையும் காண்டாமிருகமும் தம் போக்கில் திரியும் காட்சிகள் அந்நாளில் வேறெவரும் எளிதில் எடுக்காதவை, இன்றும் பார்க்கத்தக்கவை. ஆனால் ஈட்டி வீரர்கள் சிங்கத்தை வளைக்கும் காட்சி படத்திற்காகவே ஏற்பாடு செய்யப்பட்டது. ஆப்பிரிக்க மக்களைக் கேலிப்பொருளாக்கும் வாசகங்களும் படத்தில் உண்டு. வேதியியலில் அவ்வளவு நேர்மையாக இருந்த மனிதர் இங்கே வழுவிவிட்டார். சுருளில் மூட்டம் படராமல் காத்தவருக்குத் தம் கண்ணில் படர்ந்திருந்தது தெரியவில்லை போலும்.

ஓசாவைப் பற்றி ஒரு சொல். துப்பாக்கியோடு கணவருக்குக் காவல் நின்றவர் அவர். அந்தச் சரிவில் காய்கறித் தோட்டமும் போட்டார். யானைகள் இரவில் வந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டுப் போயின. அந்த நான்காண்டு வாழ்வை 1941-இல் நூலாக எழுதினார். மார்ட்டின் அப்போது இல்லை. 1937 ஜனவரியில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த விமான விபத்தில் இறந்துவிட்டார். ஓசா 1953 வரை வாழ்ந்தார். அவர் பிறந்த சானூட் என்ற ஊரில் இருவர் பெயராலும் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

மார்சபிட் காடு இன்று தேசியப் பூங்கா. நைரோபியிலிருந்து தார்ச்சாலை போட்டாயிற்று. ஒரே நாளில் போய்விடலாம். யானைகள் இன்றும் வருகின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி சுருங்கிச் சேறாகிவிடுகிறது. இருட்டறை இருந்த மேட்டில் இப்போது நீர் சுமந்து ஏறுவார் எவருமில்லை.