முயல் காதும் என் கன்னமும்

"இதைத் தடவிப் பாரு தாயி. பத்து நாள்ல பரு இருந்த எடம் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தார் அண்ணாச்சி. மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை. மூடியைத் திருகியதும் குப்பென்று ஒரு வாடை. கோயில் கருவறையும் மழையில் நனைந்த நாயும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. உள்ளே பழைய வெண்ணெய் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ இருந்தது.

"புனுகு. ஒரிஜினல். கெமிக்கல் ஒரு துளி கிடையாது."

கெமிக்கல் கிடையாதுதான். பூனை உண்டு.

முப்பத்து நான்கு வயதாகியும் என்னை விடாத பருவுக்கு இரண்டு நிபந்தனைகளோடு மருந்து தேடிக் கிளம்பியிருந்தேன். பொருள் இயற்கையானதாக இருக்க வேண்டும். எந்த உயிரையும் வதைக்காததாக இருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற நினைப்பை அந்த டப்பா முதல் நாளே உடைத்தது. புனுகுப் பூனையைக் கூண்டில் அடைத்து, அதன் வாலடிச் சுரப்பியில் ஊறுவதை வழித்தெடுப்பதுதான் புனுகு. எத்தியோப்பியாவில் அதை மாட்டுக் கொம்புக்குள் அடைத்து ஏற்றுமதி செய்தார்கள். நம் நாட்டில் அந்தப் பூனை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. டப்பாவில் இருந்தது நிஜப் புனுகா, வாசனை கலந்த வாசலினா என்பது அண்ணாச்சிக்கே தெரிந்திருக்குமா என்பது வேறு கதை.

யோசித்தால் நம் பழைய ஒப்பனைப் பெட்டி ஒன்றும் அவ்வளவு சைவம் கிடையாது. கஸ்தூரி, ஆண் மானைக் கொன்று அறுத்தெடுத்த பை. கோரோசனை, மாட்டின் பித்தப்பைக் கல். கஸ்தூரி மஞ்சளில் மட்டும் நல்லவேளையாக மான் பெயரளவில்தான் இருக்கிறது.

டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு, நலங்கு மாவுக்குச் சாமான் கேட்டேன். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா, கஸ்தூரி மஞ்சள், கார்போக அரிசி. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி மேலே பெயர் எழுதித் தந்தார். அரைப்பதில் ஒரு விஷயம். மில்லில் யாராவது மிளகாய் அரைத்துப் போன சூட்டோடு இதைக் கொட்டிவிடக் கூடாது. பச்சரிசி அரைக்கும் ஆள் வரும்வரை அரை மணி நேரம் காத்திருந்து, அதற்கடுத்து அரைத்து வாங்கினேன். அப்பத்தா சொல்லித் தந்த அறிவு.

முதல் வாரம் மாவு நன்றாகத்தான் இருந்தது. சோப்பு காரத்தன்மை உள்ளது, அதன் பி.ஹெச். 9, 10 வரை போகும். தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டி, லேசான அமிலம். சோப்பு போட்டதும் முகம் இழுத்துப் பிடிக்குமே, அந்த இழுவை பயற்றமாவில் இல்லை. இரண்டாவது வாரம் கன்னமேடுகளில் எரிச்சல் தொடங்கியது. மே மாதம். காலை ஒன்பதரைக்கு ஸ்கூட்டரில் போய் மாலை திரும்புகிறவள் நான். பத்தாம் நாள் கண்ணாடியில் பார்த்தால் பரு அப்படியே இருக்க, அதைச் சுற்றி வெந்ததுபோல் சிவப்பு. நான்கு நாளில் அது கறுப்பாக மாறியது.

தோல் மருத்துவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி, "மாவுல கார்போக அரிசி இருக்கா?"

கார்போக அரிசி அரிசியே இல்லை. கறுத்த, சிறிய விதை. வடக்கே பாகுச்சி என்பார்கள். அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. தோலில் பட்டபின் வெயிலில் போனால், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தோல் பன்மடங்கு உறைப்பாக உணரும்படி செய்துவிடும். வெண்புள்ளிக்காரர்களுக்குச் சோரலெனைக் கொடுத்து, கணக்காகப் புற ஊதா ஒளியைக் காட்டி நிறத்தை வரவழைக்கும் சிகிச்சையே உண்டு. கணக்கில்லாமல் நான் அதை மாட்டுத்தாவணி சிக்னலில் நின்று செய்துகொண்டிருந்தேன். "அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். சலிக்காத மாவைப் போட்டுத் தேய்ச்சிருந்தாலும் இப்படி ஆகும்" என்றார் மருத்துவர். தேய்த்திருந்தேன். தேங்காய் நாரால் பாத்திரம் விளக்குவதுபோலத் தேய்த்திருந்தேன்.

அதே விதை இன்று வேறொரு வேடத்தில் உலகம் சுற்றுகிறது. பகுச்சியோல். சொட்டு மூடி வைத்த கண்ணாடிக் குப்பி, செடி படம், நான் பார்த்தவற்றில் ஆயிரத்துக்குக் குறைந்த விலை இல்லை. ரெட்டினாலுக்கு மாற்றான தாவரப் பொருள் என்று விற்கிறார்கள். இதற்கு ஓர் ஆதாரமும் உண்டு: 2019-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 44 பேர் 12 வாரம் பூசிப் பார்த்தார்கள். அரை சதவீத பகுச்சியோல், அரை சதவீத ரெட்டினாலுக்கு ஏறக்குறைய ஈடாக வேலை செய்தது. எரிச்சலும் செதிலும் குறைவு. ஆனால் அங்கே பார்த்தது வெயிலால் வந்த சுருக்கத்தையும் கருமையையும்தான், பருவை இல்லை. குப்பிக்காரர்கள் அந்த வித்தியாசத்தைப் பெரிதாகச் சொல்வதில்லை. நல்ல தயாரிப்பில் சோரலெனை நீக்கிவிட்டுப் பகுச்சியோலை மட்டும் பிரித்தெடுப்பார்கள். அதாவது, விதையில் இருந்த "இயற்கை"யில் ஒரு பாதியைக் கழித்த பிறகுதான் அது முகத்துக்கு ஆகிறது.

மாவை நிறுத்திவிட்டுக் குப்பிகள் பக்கம் போனேன். ஒவ்வொன்றிலும் ஒரு முயல் துள்ளியது.

இந்த முயலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1944-ல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்த ஜான் டிரெய்ஸ் தம் சகாக்களோடு ஒரு சோதனை முறையை வெளியிட்டார். முயலை அசையாமல் பிடித்துவைத்து ஒரு கண்ணில் பொருளை விடுவது. மறு கண்ணோடு ஒப்பிட்டு, நாள்கணக்கில் புண்ணுக்கு மதிப்பெண் போடுவது. ஷாம்பூவும் கண் மையும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் தேறின. 1980-ல் ஹென்றி ஸ்பைரா என்ற பள்ளி ஆசிரியர் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குவீர்கள் என்று ரெவ்லான் நிறுவனத்தைக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு மாற்று முறைகளுக்குப் பெரிய பணம் வரத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் விலங்குகள் மீது சோதித்த அழகுப் பொருட்களின் விற்பனையை 2013 மார்ச்சில் முழுதாக மூடியது.

இந்தியா பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை. 2014 மே மாதம் இங்கே அழகுப் பொருட்களை விலங்குகள் மீது சோதிப்பது தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியும். அதனால் உள்நாட்டுக் குப்பியில் "விலங்குகள் மீது சோதிக்கப்படவில்லை" என்று கொட்டை எழுத்தில் போடுவது, "எங்கள் பேருந்து சிவப்பு விளக்கில் நிற்கும்" என்று போர்டு மாட்டுவதுபோல. மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, விற்றவன் எங்கே சோதித்தான் என்பதுதான் கேட்க வேண்டியது. லீப்பிங் பன்னி போன்ற சான்றிதழ்கள் அந்தச் சங்கிலியைத் தணிக்கை செய்கின்றன. மற்றபடி முயல் படம் யார் வேண்டுமானாலும் வரையலாம். நான் வாங்கிய ஒரு குப்பியில் அதற்கு வால்கூட ஒழுங்காக இல்லை.

வதையில்லாதது வேறு, விலங்குப் பொருளே இல்லாதது வேறு. முயல் படம் போட்ட லிப் பாமில் தேன்மெழுகும், ஆட்டு ரோமத்திலிருந்து வரும் லேனோலினும், பூச்சியை நசுக்கி எடுத்த கார்மைன் சிவப்பும் இருக்கலாம்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு போனபோது பருக்காரியான எனக்கென்றே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பரு வருகிறவர்கள் புட்டியைத் திருப்பித் தேடும் முதல் சொல் "நான்-காமெடோஜெனிக்". துளையை அடைக்காது என்று பொருள். தேங்காய் எண்ணெய்க்கு ஐந்துக்கு நான்கு, இன்ன எண்ணெய்க்குப் பூஜ்யம் என்று ஒரு மதிப்பெண் பட்டியலும் புழங்குகிறதே, அது எங்கே பிறந்தது? முயலின் காதில். காதின் உள்மடலில் இரண்டு வாரம் பொருளைப் பூசி, துளைகள் அடைத்து முளை கட்டுகிறதா என்று பார்ப்பார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1979-ல் இந்த முறையைச் செப்பனிட்டு வெளியிட்டார். முயல் காது மனிதக் கன்னத்தைவிடத் தொட்டால்சிணுங்கி என்பதால் பட்டியல் பல இடங்களில் தப்பும் சொல்கிறது. ஆனாலும் வதையில்லாப் பொருள் விற்கிறவர்களே அதைக் காட்டித்தான் விற்கிறார்கள்.

கிளிக்மன் முயலோடு நிற்கவில்லை. பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் பலவற்றைப் பூசிப் பார்த்தார். பெரும்பாலோர் கறுப்பினத்தவர்; கூலி சில டாலர்கள். 1971-ல் பருவுக்கு அங்கீகாரம் பெற்ற ட்ரெட்டினாயினும் அந்தத் தோல்களைத் தொட்டுத்தான் வெளியே வந்தது. பல்கலைக்கழகம் 2021-லும் நகர நிர்வாகம் 2022-லும் மன்னிப்புக் கேட்டன. இன்றைக்கு என் மேசையில் ட்ரெட்டினாயின் டியூபும் ஒன்று கிடக்கிறது. தூக்கி எறியவில்லை. அதைப் பார்க்கும்போது முன்பிருந்த நிம்மதி மட்டும் இல்லை.

இப்போது பல ஆய்வகங்களில் முயலுக்குப் பதில் வளர்ப்புத் தோல். பிரான்ஸின் லியோனில், அறுவை சிகிச்சையில் மிஞ்சி, கொடையாக வந்த தோலின் செல்களைக் காசு அகலத்துக்கும் குறைவான வட்டங்களாக வளர்க்கிறார்கள். எரிச்சல் உண்டா என்பதை அது சொல்லிவிடும். பரு வருமா என்பதை அதனிடம் கேட்க முடியாது. பரு என்பது மயிர்க்காலும் எண்ணெய்ச் சுரப்பியும் ஹார்மோனும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற குடித்தனக்காரக் கிருமியும் சேர்ந்து நடத்தும் கூட்டு வியாபாரம். அதற்குக் கடைசியில் ஒரு மனிதக் கன்னம்தான் வேண்டும்.

என் கன்னத்துக்கு வருகிறேன். எலுமிச்சை, பேக்கிங் சோடா, பற்பசை மூன்றையும் ஒரே வரியில் தாண்டிவிடலாம்: வேண்டாம். கற்றாழை இதமாக இருந்தது, வேறொன்றும் செய்யவில்லை. வெட்டிய மடலை டம்ளரில் அரை மணி நேரம் நிறுத்தி, வடியும் மஞ்சள் பாலைக் கொட்டிவிட்டு, சோற்றை ஏழெட்டுத் தண்ணீரில் அலச வேண்டும். அந்த மஞ்சள்தான் அரிக்கும்.

தேயிலை மர எண்ணெயிடம்தான் சூடுபட்டேன், சொல்லுக்குச் சொல். பெயரில்தான் தேயிலை, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து மரம். 1990-ல் அங்கே 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவீத தேயிலை மர எண்ணெய்க் களிம்பு, 5 சதவீத பென்சாயில் பெராக்சைடைப் போலவே பருவைக் குறைத்தது. மெதுவாக, ஆனால் எரிச்சல் குறைவாக. ஐந்து சதவீதம் என்பதைப் படித்தேன், மறந்தேன். ஒரு கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, தாடையில் பழுத்து நின்ற பருவின் மேல் கலக்காத எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். விடிந்தபோது பரு அமுங்கியிருந்தது. சுற்றிலும் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு வெந்திருந்தது. பரு ஒரு வாரத்து விருந்தாளி; அந்தக் கறுப்பு வட்டம் தீபாவளி கழிந்தும் இருந்தது. மாநிறத் தோலில் பரு போனாலும் தடம் லேசில் போகாது. வெயில் அதை ஆற விடாது. தடம் மங்க நான் செய்ததிலேயே உருப்படியானது தினமும் சன்ஸ்கிரீன் பூசியதுதான். ஆயிரம் ரூபாய்க் குப்பிகள் செய்யாததை அது செய்தது.

பருவுக்குக் கடைசியில் மருத்துவர் எழுதிக் கொடுத்தது அசெலாயிக் அமிலம். பார்லியிலும் கோதுமையிலும் இருக்கும் பொருள். நான் சந்தோஷப்பட்டதைப் பார்த்துச் சிரித்தார். "டியூப்ல இருக்கறது ஃபேக்டரில செஞ்சதுங்க. பார்லில இருந்து எடுத்தா உங்களுக்குக் கட்டுப்படியாகாது." இது மருந்து என்பதால் 2014 தடை இதற்குப் பொருந்தாது. விலங்குகள் மீது சோதித்த பிறகே மருந்துகள் மனிதரிடம் வந்திருக்கின்றன. என் இரண்டு நிபந்தனைகளும் அந்தச் சீட்டில் சேர்ந்தே கிழிந்தன. பன்னிரண்டு வாரம் பூசினேன். முதல் மூன்று வாரம் நமைச்சல், எட்டாவது வாரத்தில் தாடை தெளிந்தது. பன்னிரண்டாவது வாரம் அம்மா, "ஏதோ பரவால்ல" என்றாள். அவள் வாயில் அது பெரிய சான்றிதழ்.

மற்றவற்றில் இன்னும் முயல் பார்த்துத்தான் வாங்குகிறேன். முகம் கழுவுவது, ஈரப்பதக் கிரீம், லிப் பாம் எல்லாவற்றிலும் அந்தத் தேர்வு என் கையில் இருக்கிறது. புதிதாக எது வந்தாலும் பயறளவு எடுத்துக் காதுக்குப் பின்னால் பூசி இரண்டு நாள் காத்திருக்கிறேன். அக்கா மகள், "முகத்துக்கு வாங்கிட்டு ஏன் சித்தி காதுல தடவுற?" என்று கேட்டாள். முயல் கதையைச் சொன்னேன். கண்ணாடியில் தன் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

போன மாதம் அவளுக்கு நலங்கு மாவு கேட்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். கார்போக அரிசி வேண்டாம் என்றேன்.

"அது இல்லாம என்னத்தா நலங்கு மாவு?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். வெயில் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொண்டாரா தெரியவில்லை. சீட்டில் ஒரு வரியை அடித்துவிட்டுத் தராசில் கை வைத்தார்.

"அப்ப அந்த அம்பது கிராமுக்குப் பயறு கூடப் போட்டுக்க. புனுகும் வேணாம்ல?"