நாட்பட்ட இடுப்பு வலி: ஒத்தடமா, ஊசியா, ஆபரேஷனா?



நாற்று நடுபவர், சுமை தூக்குபவர், தையல் மிஷினில் நாள் முழுக்கக் குனிந்திருப்பவர் என்று பலரும் சொல்வது இதுதான்: "இடுப்பு கடுக்குது. ஒரு ஊசி போட்டாத்தான் நாளைக்கு வேலைக்குப் போக முடியும்." ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டில் இது நியாயமான பேச்சுதான். ஆனால், வாராவாரம் போடும் ஊசியால் என்ன பலன், என்ன கெடுதல் என்று கணக்குப் பார்க்க வேண்டாமா?

நாட்பட்ட வலி என்பது என்ன?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது நாட்பட்ட வலி. ஒரே நிலையில் உழைப்பதால் தசை இறுகுகிறது. வலிக்குப் பயந்து அசையாமல் படுத்தால் பலம் குறைகிறது. பலம் குறைந்த தசை சின்ன வேலைக்கே வலிக்கிறது. இந்தச் சுழலை உடைப்பதுதான் வைத்தியம்.

உடலைத் துளைக்காத முறைகள்

1. நடை: காலை, மாலை 10 நிமிடம். வாரந்தோறும் கொஞ்சம் கூட்டுங்கள்.
2. பயிற்சி: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். இடுப்பைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணித் தளர்த்துங்கள். பத்து முறை.
3. வெந்நீர் ஒத்தடம்: 15 நிமிடம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வேறொருவரைப் பார்க்கச் சொல்லவும்.

பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நடுவில் விட்டுவிடாதீர்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையும் நாட்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாக அணிய வேண்டாம் என்கிறது.

உடலைத் துளைக்கும் முறைகள்

வலி ஊசி: டைக்ளோபெனாக் மாத்திரையில் இருக்கும் மருந்தேதான் ஊசியிலும். சற்று சீக்கிரம் கேட்கும். ஒரு நாளுக்குள் பலன் தீரும். அடிக்கடி போட்டால் குடல் புண் வரும், சிறுநீரகம் கெடும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பவருக்கு ஆபத்து அதிகம். சுத்தமில்லாத ஊசியால் சீழ்க்கட்டியும் மஞ்சள் காமாலையும் வரலாம். இடம் தவறிக் குத்தினால் கால் நரம்பு பாதிக்கும்.

தசை முடிச்சில் போடும் ஊசி: சிலருக்குச் சில நாள் சுகம் தரும். அந்த நாட்களில் பயிற்சியைத் தொடங்கினால்தான் பயன்.

முதுகுத்தண்டில் ஸ்டீராய்டு ஊசி: காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்குச் சில சமயம் உதவும். சர்க்கரை ஏறும்.

ஆபரேஷன்: நரம்பு நசுங்கியவருக்கு உரியது. வெறும் தசை வலிக்கு ஆபரேஷன் கிடையாது. இதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

உடனே டாக்டரிடம் வரவேண்டியவர்கள்

கால் மரத்துப்போதல், பலமிழத்தல், சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், சாயங்காலக் காய்ச்சல், உடல் மெலிவு, விழுந்தபின் வலி ஆகியவை இருந்தால் ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். முதுகெலும்பில் காசநோயும் இப்படித்தான் காட்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

தண்ணீர்க் குடமும் அரிசி மூட்டையும் அம்மா ஒருத்தி தலையில்தானா? ஆண்பிள்ளைகளும் தூக்கலாம். அடுப்பையும் அம்மியையும் மேடை மேல் வையுங்கள்.

2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். இன்று மாலையே பத்து நிமிடம் நடக்கத் தொடங்குங்கள்.